மணி அடித்தாலே மீட்டர் ஓடுமா?

ராயபுரம் ரவுண்டானா: எஸ்டிடி (வெளியூருக்கு நேரடியாக எண் அழுத்திப் பேசும் வசதி) காலத்தில் மறுமுனையில் மணி அடித்தாலே காசு ஏறும் என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான். எதிராளி போனை எடுத்த பிறகுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் லைனில் பிளஸ் மைனஸைத் திருப்பிப் போடும். அதைப் பார்த்துத்தான் பூத் மெஷின் எண்ணத் தொடங்கும். மணிக்குக் காசு கிடையாது.

மண்ணடி மைந்தன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். திருநெல்வேலிக்கு அடித்து, யாரும் எடுக்காமல், பூத்தில் காசு கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

ராயபுரம் ரவுண்டானா: அது பூத்காரர் வாங்கியது. அப்படித் திருப்பிப் போடும் ரிவர்சல் வசதி இல்லாத லைன் என்றால், எண்ணை அழுத்திய கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாக ஓடும்.

மண்ணடி மைந்தன்: ஓடியது இல்லையா? அதைத்தானே சொன்னேன்.

ராயபுரம் ரவுண்டானா: எக்ஸ்சேஞ்ச் மீட்டர் ஓடவில்லை சார்! மீட்டரில் ஒரு யூனிட் ஏற்றும் துடிப்புதான் பல்ஸ்; தூரம் கூடக் கூட அதன் இடைவெளி குறையும். லோக்கலுக்கு 180 நொடிக்கு ஒரு பல்ஸ், டெல்லிக்குச் சில நொடிக்கே ஒன்று. ராத்திரி கால்வாசிக் கட்டணம் என்றால் இடைவெளி நாலு மடங்கு. இதில் மணி எங்கே வந்தது?

பெரம்பூர் லோகோ: அந்தக் கால்வாசிக்காக ராத்திரி வரிசையில் நின்றோமே! நம் குடும்பச் சண்டை தெருவுக்கே கேட்கும்.

மண்ணடி மைந்தன்: பெரம்பூரெல்லாம் வட சென்னைக் கதை பேச வந்தாச்சா?

பெரம்பூர் லோகோ: ஏன், பெரம்பூர் என்ன பெங்களூரிலா இருக்கிறது?

வண்ணை அக்கா: 2006இல் ஒன் இந்தியா என்ற கட்டணத் திட்டம் வந்து நாடு முழுக்க நிமிடம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது. நீங்கள் இன்னும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

ராயபுரம் ரவுண்டானா: அந்த நிமிடக் கணக்கும் அநியாயம்தான் அக்கா. 61 நொடி பேசினால் 2 நிமிடக் காசு. 2009இல் டாடா டோகோமோ என்ற செல்போன் கம்பெனி நொடிக்கு ஒரு பைசா என்ற பிறகுதான் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். அப்போதும் மணிக்குக் காசு இல்லை.

மண்ணடி மைந்தன்: அப்புறம் ஏன் 2019இல் செல்போன் மணி 30 நொடி அடிக்கவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது?

ராயபுரம் ரவுண்டானா: கூப்பிட்டவரின் கம்பெனி மணியைச் சீக்கிரம் நிறுத்தினால் மிஸ்டு கால். எடுக்காதவர் திருப்பிக் கூப்பிடுவார். அப்போது அவருடைய கம்பெனி இந்தக் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 பைசா கட்டவேண்டும் என்ற விதி 2020 வரை இருந்தது. அது அவர்களுக்குள் கணக்கு, மணிக்கு நம்மிடம் காசு வாங்கவில்லை.

மண்ணடி மைந்தன்: ஆக, மணியில் காசு இருக்கிறது. சரி, விடுங்கள்.

ராயபுரம் ரவுண்டானா: இதேதான், போன மாதம் டிராம் விஷயத்திலும் இப்படித்தான் திரித்தீர்கள்.

மண்ணடி மைந்தன்: டிராமை இழுக்காதீர்கள்.

பெரம்பூர் லோகோ: டிராம் 1953இலேயே நின்றாச்சு. பெரம்பூருக்கு ஒரு பதில் சொல்லுங்கள் முதலில்.