வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களைப் பணிப்பட்டியலுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஈரோடு வரி ஆலோசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் சிறிய வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விசைத்தறி உரிமையாளர்களும் ஜவுளி மொத்த வியாபாரிகளும் ஆவர். கொள்முதல் பில், வங்கிக் கணக்கு விவரம், துறையிலிருந்து வந்த நோட்டீஸ், 'ஒரு சின்ன சந்தேகம்' என்று தொடங்கும் கேள்வி என அனைத்தும் ஒரே மின்னஞ்சல் பெட்டிக்கு வந்து சேருகின்றன. டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) செலுத்த 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) தாக்கலுக்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிச் சுருக்கம்) தாக்கலுக்கு 20 என்று மாதம் ஓடுவதால், இடையில் வரும் மற்ற அஞ்சல்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

கவனிக்க வேண்டிய அஞ்சலுக்கு நட்சத்திரக் குறி இடுவதும், படித்ததை மீண்டும் 'படிக்காதது' என்று மாற்றி வைப்பதுமே இப்போதைய முறை. அவற்றுள் எது இன்றைக்கே முடிக்க வேண்டியது, எது வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருப்பது என்பது ஒவ்வொன்றையும் திறந்து படித்தால் மட்டுமே தெரிகிறது. அலுவலகத்தில் ஜிமெயில் பயன்படுத்துகிறோம். அஞ்சல்களைப் பணிகளாக மாற்றும் வசதி அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எல்லா அஞ்சல்களையும் அப்படி மாற்ற வேண்டுமா, நடைமுறையில் அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மதுரைத் தணிக்கையாளர்

வணக்கம் ஐயா. ஜிமெயிலில் அஞ்சலைத் திறந்தால், மேலே உள்ள பொத்தான் வரிசையிலோ மூன்று புள்ளிப் பட்டியலிலோ 'பணிகளில் சேர்' என்ற தெரிவு இருக்கும். அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளை இயக்கிவிட்டால், ஷிஃப்ட் விசையுடன் டி (T) எழுத்தை அழுத்தினாலே போதும். வலப்புறம் கூகுள் டாஸ்க்ஸ் என்ற பணிப்பட்டியல் திறந்து, அஞ்சலின் தலைப்பே பணியின் பெயராக அமையும். அதன் கீழ் மூல அஞ்சலுக்கான இணைப்பும் இருக்கும். தேதி கொடுத்தால் கூகுள் நாட்காட்டியிலும் அந்தப் பணி தெரியும். இயந்திரம் செய்வது இவ்வளவுதான். இதற்குப் பிறகு நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், நட்சத்திரக் குவியல் பணிக் குவியலாக இடம் மாறியிருக்குமே தவிர வேறு பயன் இராது.

முதலில் பணியின் பெயரை மாற்றி எழுதுங்கள். நம் வாடிக்கையாளர்கள் பழைய அஞ்சல் ஒன்றுக்குப் பதில் அனுப்பியே புதிய செய்தியைச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால், மார்ச் மாத பில்கள் என்ற தலைப்பின் கீழ் ஜிஎஸ்டி பதிவு ரத்து நோட்டீஸ் (ஆர்இஜி-17 படிவம்) வந்து கிடப்பது அரிதன்று. தலைப்பை அப்படியே விட்டுவைத்தால் பட்டியலைப் பார்க்கும்போது எதுவும் விளங்காது. 'ஆர்இஜி-17க்குப் பதில் வரைவு எழுதி, வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு அனுப்புதல்' என்று அடுத்து செய்ய வேண்டிய செயலையே பெயராக எழுதினால், அஞ்சலைத் திறக்காமலே வேலை புரியும். ஒரே அஞ்சலில் மூன்று கோரிக்கைகள் இருந்தால் அவற்றைத் துணைப்பணிகளாகப் பிரித்துவிடலாம்.

அடுத்தது தேதி. நம் தொழிலில் இதுவே முக்கியம் என்பது என் கருத்து. மேலே சொன்ன ஆர்இஜி-17 நோட்டீஸுக்கு, அது சார்வு செய்யப்பட்ட (முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட) நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் ஆர்இஜி-18 படிவத்தில் பதில் அளிக்க வேண்டும். தாக்கல் செய்த படிவங்களின் ஆய்வில் வரும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸுக்கு, அதிகாரி மேற்கொண்டு அவகாசம் தந்தாலொழிய, 30 நாட்களுக்கு மிகாத காலமே உண்டு. பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் ஜிஎஸ்டியின் பொது இணையதளத்தில் வெளியிடுவதும் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவின்படி சார்வு முறைகளாகவே கொள்ளப்படுகின்றன. வாடிக்கையாளர் அந்த நோட்டீஸை ஐந்து நாள் கழித்து நமக்கு அனுப்பிவைத்தால், அஞ்சலில் தெரியும் தேதியை வைத்துக் கணக்கிடுவது ஆபத்தாக முடியும். நோட்டீஸைத் திறந்து, உண்மையான கடைசி நாளைப் பணியின் குறிப்பில் எழுதிவிட்டு, பணிக்குரிய தேதியாக அதற்கு இரண்டு மூன்று நாள் முந்தைய தேதியைக் கொடுங்கள்.

பணியாக மாற்றிய அஞ்சலை உள்பெட்டியிலிருந்து காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். பணியில் உள்ள இணைப்பு வழியாக அது திறக்கும். ஆனால் அழித்துவிடக் கூடாது, ஏனெனில் குப்பைக்குப் போன அஞ்சல் 30 நாட்களுக்குப் பிறகு நிரந்தரமாக நீங்கிவிடும்.

சென்னை மென்பொருளாளர்

தணிக்கையாளர் சொன்னவற்றோடு பெரிதும் உடன்படுகிறேன். எனினும், எல்லா அஞ்சல்களையும் பணிகளாக மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்பதே என் பதில். படித்த கையோடு இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்கக்கூடியதைப் பணியாக மாற்றிப் பெயர் சூட்டித் தேதி கொடுப்பதற்குள் அந்தப் பதிலையே அனுப்பிவிடலாம். மாதந்தோறும் வரும் தாக்கல்களையும் அஞ்சலிலிருந்து உருவாக்கத் தேவையில்லை. 11, 20 போன்ற தேதிகள் முன்பே தெரிந்தவை என்பதால், அவற்றை ஒவ்வொரு மாதமும் தானே திரும்ப வரும் பணிகளாக ஒருமுறை அமைத்துவிட்டு, பில்களோடு வரும் அஞ்சல்களை வாடிக்கையாளரின் பெயர் கொண்ட லேபிளில் சேர்த்தால் போதும். எதிர்பாராமல் வருவதும், உடனே முடிக்க முடியாததும், தேதி உள்ளதும் மட்டுமே பணியாக வேண்டும்.

அவுட்லுக் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களுக்காக ஒரு குறிப்பு: அங்கே அஞ்சலுக்குக் கொடியிட்டால், மைக்ரோசாஃப்ட் டு டூ செயலியில் கொடியிட்ட அஞ்சல்களுக்கான தனிப் பட்டியலில் அது தோன்றும். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் கணக்குகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அவுட்லுக்கில் ஜிமெயிலை இணைத்து வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். தண்டர்பேர்டில் அஞ்சலின் மேல் வலச்சொடுக்கி அதைப் பணியாக மாற்றலாம்.

நட்சத்திரக் குறியில் தேதி ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. அஞ்சல் செயலிகள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஐமேப் நெறிமுறையில், அந்தக் குறி உண்டு அல்லது இல்லை என்ற அளவில் மட்டுமே சர்வரில் சேமிக்கப்படுகிறது. சர்வரில் இருப்பதால்தான் கைப்பேசியில் இட்ட குறி கணினியிலும் தெரிகிறது. உண்டு, இல்லை என்ற அளவில் மட்டுமே இருப்பதால் தேதிக்கு அதில் இடமே இல்லை.

ஈரோடு வரி ஆலோசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. நோட்டீஸ் தேதி குறித்துச் சொன்னதை இன்றே நடைமுறைப்படுத்துகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அலுவலகத்தில் உதவியாளர்கள் இருவர் இருக்கிறார்கள். என் கணக்கில் உருவாக்கும் பணி அவர்களுக்குத் தெரியுமா? மேலும், ஆவணம் கேட்டு நாம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் அஞ்சல்களை எப்படிப் பின்தொடர்வது?

மதுரைத் தணிக்கையாளர்

தெரியாது ஐயா. கூகுள் டாஸ்க்ஸ் பட்டியல் அவரவர் கணக்குக்கே உரியது. அதைப் பிறருடன் பகிர முடியாது. அலுவலகக் கணக்கு நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸாக இருந்தால், கூகுள் சாட்டில் மூவருக்கும் பொதுவான ஒரு தளத்தை (ஸ்பேஸ்) உருவாக்கி, அங்கே பணிகளைப் பெயர் குறித்து ஒப்படைக்கலாம். வேலைகளை அட்டைகளாகக் காட்டும் ட்ரெல்லோ போன்ற இணையப் பலகைகளும் உண்டு. அதில் ஒவ்வொரு பலகைக்கும் உங்களுக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி தரப்படும். அதற்கு அஞ்சலை அனுப்பினால் தலைப்பு அட்டையின் பெயராகவும், உள்ளடக்கம் விளக்கமாகவும், இணைத்த கோப்புகள் அட்டையின் இணைப்புகளாகவும் சேர்ந்துவிடும். பான் எண்ணும் வங்கி விவரமும் அடங்கிய அஞ்சலை அப்படியே அனுப்புவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பலகையைப் பார்க்கும் எல்லோருக்கும் அது திறந்து கிடக்கும். ஆவணத்தை அலுவலகக் கோப்புறையில் வைத்துவிட்டு, அட்டையில் செய்ய வேண்டிய வேலையை மட்டும் எழுதுவது வாடிக்கையாளருக்கு நாம் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அனுப்பிய அஞ்சல்களுக்குள் சென்று அந்த அஞ்சலைத் திறந்து, வந்த அஞ்சலுக்குச் செய்ததைப் போலவே அதையும் பணியாகச் சேர்க்கலாம். இவற்றுக்கென 'பதிலுக்குக் காத்திருப்பவை' என்று தனிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து என்ன வர வேண்டும் என்பதைப் பெயரிலும், மீண்டும் கேட்க வேண்டிய நாளைத் தேதியிலும் குறித்துவிடுங்கள். பதில் வராத அஞ்சல்களை ஜிமெயில் சில நேரம் தானாகவே நினைவூட்டும் என்றாலும், எதை நினைவூட்டுவது என்பது அதன் ஊகம். கடைசித் தேதி உள்ள விஷயத்தில் அதை நம்பியிருக்க முடியாது. ஜவுளி வியாபாரிகள் ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாட்களில் அஞ்சலைத் திறப்பதே இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததன்று. அந்த நாட்களில் காத்திருப்புப் பட்டியலின் தேதி வந்ததும் மறு அஞ்சல் அனுப்பாமல் தொலைபேசியில் அழைத்துவிடுவதே என் வழக்கம். பேசிய நாளையும் அவர் சொன்ன பதிலையும் அதே பணியின் குறிப்பில் எழுதிவிடுவேன்.