பிங்க் கிரேப்ஃப்ரூட்: நம் குடும்பக் குழுவில்

அம்மா: ரேவதி நேற்று ஒரு பை நிறைய பிங்க் கிரேப்ஃப்ரூட் வாங்கி வந்திருக்கிறாள், ஆரஞ்சு மாதிரி, ஆனால் பெரிய பழம். வெட்டினால் உள்ளே சிவப்புக் கொய்யா மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கசப்பு, ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது. தினமும் காலையில் ஒன்று சாப்பிடலாமா?

ரேவதி: இங்கே டெக்சாஸில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் விளைவது, இப்போதுதான் சீசன். 1929-ல் ஒரு பிங்க் பழ மரத்திலேயே ஒரு கிளையில் நல்ல சிவப்பாகக் காய்த்ததாம், ரூபி ரெட் வகை அப்படி வந்ததுதான்.

மாமா: தாராளமாகச் சாப்பிடு அக்கா. பாதிப் பழத்தில் 50 கலோரி சொச்சம்தான், வைட்டமின் சி ஒரு நாள் தேவையில் பாதி கிடைத்துவிடும். கொழுப்பையும் கரைக்குமாம்.

சுதா அக்கா: மாமா, கொழுப்பைக் கரைக்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், நாரும் இருக்கிறது, அதனால் வயிறு நிறையும், அவ்வளவுதான். மற்றபடி நல்ல பழம்தான். தக்காளியில் இருக்கும் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி இதிலும் உண்டு, அந்த நிறமே அதனால்தான், வெள்ளை வகையில் அது கிடையாது. ஜூஸாக்காமல் சுளையாகவே சாப்பிட வேண்டும்.
சித்தி, நீங்கள் கொலஸ்ட்ராலுக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?

அம்மா: அட்டோர்வாஸ்டாடின், ராத்திரி ஒன்று.

சுதா அக்கா: அப்படியென்றால் டாக்டரிடம் கேட்கும்வரை வேண்டாம் சித்தி. மருந்துக்கடையில் நிற்கிறவள் என்பதால் சொல்கிறேன். அந்த மாத்திரையில் ஒரு பகுதியைக் குடலில் இருக்கும் ஒரு நொதி (என்சைம்) உடைத்துவிடும், மிச்சம்தான் ரத்தத்துக்குப் போகும், அதைக் கணக்கில் வைத்துத்தான் அளவு எழுதுகிறார்கள். இந்தப் பழம் அந்த நொதியை முடக்கிவிடுவதால் மருந்து கூடுதலாக ஏறும், தசை வலி வரலாம், அரிதாகத் தசையே பாதிக்கப்படும்.

மாமா: பழம் காலையில், மாத்திரை ராத்திரி. அவ்வளவு இடைவெளி போதாதா?

சுதா அக்கா: போதாது மாமா. குடல் புதிதாக நொதி தயாரிக்க ஒரு நாளுக்கு மேல், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். இது தெரிய வந்ததே தற்செயலாகத்தான். 1989-ல் கனடாவில் பெலோடிபின் என்ற பிபி மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள், மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்தார்கள், பார்த்தால் ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. பம்பளிமாஸும் இதே வேலையைச் செய்யும், ஊருக்கு வந்த பிறகும் ஞாபகம் வையுங்கள்.

ரேவதி: நான் அலர்ஜிக்கு பெக்சோபெனடின் போடுகிறேன் அக்கா, எனக்கும் கூடாதா?

சுதா அக்கா: உனக்கு நேர்மாறு, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் போடு, ஜூஸோடு வேண்டாம்.

அம்மா: சரிடி, அப்போ நான் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழம் சாப்பிடவா?

சுதா அக்கா: ஐயோ, மாத்திரையை நிறுத்தவே கூடாது சித்தி! ரோசுவாஸ்டாடின் போன்ற சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, மாற்றலாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை சாதாரண ஆரஞ்சு சாப்பிடுங்கள். ரேவதி, மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பிபி மாத்திரையையும் பார்த்துவிடுகிறேன்.

ரேவதி: இதோ அனுப்புகிறேன் அக்கா.