பில்டர் தரும் இழப்பீட்டுக்கு வரி உண்டா? – எங்க அபார்ட்மென்ட் குரூப்பில்

செயலாளர், ஏ-302: பில்டர் சமரசத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. மொட்டை மாடி ஒழுகல், பால்கனி கம்பி துரு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவுல இருக்கிற வட்டி, எல்லாம் சேர்த்து ஒரே தொகை. "முழு மற்றும் இறுதித் தீர்வு"ன்னு டிராஃப்ட் வந்திருக்கு. ஆடிட்டர் சார், வக்கீல் மேடம், பார்த்துச் சொல்லுங்க.

ஆடிட்டர், பி-104: இப்படியே கையெழுத்துப் போடாதீங்க சார். பணம் எதுக்காக வந்ததுன்னு வச்சுதான் வரி. பழுதுபார்க்க வர்றது மூலதன வரவு, வருமானம் இல்லை. இயந்திரம் தாமதமா வந்ததுக்குக் கிடைச்ச இழப்பீடும் மூலதன வரவுதான்னு 2010ல சௌராஷ்டிரா சிமென்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வாடகை இழப்புக்குன்னு வாங்கினா அது வருமானம். வட்டிக்குக் கண்டிப்பா வரி உண்டு. பிரிச்சு எழுதலைன்னா எது எவ்வளவுன்னு நாமதான் நிரூபிக்கணும்.

வக்கீல், சி-201: பழுது வாரியா இன்ஜினியர் எஸ்டிமேட்டை இணைப்பா வைக்கச் சொல்லுங்க. பழுதுச் செலவு, வட்டி, வழக்குச் செலவு மூணையும் தனித்தனித் தொகையா எழுதணும். உத்தரவுல இருக்கிற வட்டியைப் பழுதுச் செலவுன்னு மாத்தி எழுத நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொண்ணு, ரெரா சட்டம் 14(3)படி சாவி கொடுத்ததிலிருந்து 5 வருஷம் கட்டுமானக் குறைக்கு பில்டர்தான் பொறுப்பு. "இறுதி"ங்கிற வார்த்தை இந்தப் பழுதுகளுக்கு மட்டும்தான்னு இருக்கணும். இல்லைன்னா நாளைக்கு சம்ப் விரிசல் விட்டா கேக்க முடியாது.

டி-403: வட்டிக்கு வரி எவ்வளவு சார்?

ஆடிட்டர், பி-104: உதாரணமா ஒரு ஃபிளாட்டுக்குப் பழுதுச் செலவு ₹6,00,000, வட்டி ₹1,20,000ன்னு வச்சுக்கோங்க. வருமான வரிச் சட்டம் 57(iv)ல வட்டியில பாதி கழிவு, மீதி ₹60,000 உங்க ஸ்லாப்ல சேரும். எத்தனை வருஷத்து வட்டியா இருந்தாலும் கைக்கு வந்த வருஷத்துலதான் காட்டணும், அது அதே சட்டத்துல 145பி பிரிவு. அந்தப் பாதிக்கு மேல வக்கீல் ஃபீஸையும் கழிக்க முடியாது, பலர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. இதெல்லாம் 31.3.2026 வரைக்கும் வந்த பணத்துக்கு. அப்புறம் புதுச் சட்டம், பிரிவு எண்கள் மாறும்.

டி-403: டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கிற வரி, எவ்வளவு?

ஆடிட்டர், பி-104: அதே 31.3.2026 வரைக்கும் 194ஏ பிரிவுல வட்டிக்கு மட்டும் 10%, அதாவது ₹12,000. பான் தரலைன்னா 20%. பில்டர் ஆபீஸ்ல மொத்தம் ₹7,20,000-க்கும் வட்டின்னு போட்டு பிடிச்சா, ஏஐஎஸ்ல (வரித்துறை வச்சிருக்கிற உங்க ஆண்டுத் தகவல் அறிக்கை) அப்படியே ஏறி உங்களுக்கு நோட்டீஸ் வரும். பிரிப்பு ஒப்பந்தத்துல இருந்தா திருத்த அறிக்கை போடச் சொல்லிக் கேக்கலாம்.

ஏ-105: என் ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கேன். ரிப்பேர் செலவைக் கழிக்கலாமா?

ஆடிட்டர், பி-104: முடியாதும்மா. வாடகையில 30% கழிவு இருக்கே, ரிப்பேர் அதுலயே அடங்கிடும். அதே மாதிரி பில்டர் பணத்துல பண்ண வேலையை, வீட்டை விக்கும்போது மேம்பாட்டுச் செலவுன்னு சேர்க்காதீங்க. பில்லையும் ஒப்பந்தத்தையும் பத்திரமா வைங்க.

செயலாளர், ஏ-302: மொட்டை மாடி பொதுப் பகுதியாச்சே. அந்தப் பணம் சங்கத்துக்கு வரலாமா?

வக்கீல், சி-201: சங்கத்துக்குத்தான் வரணும். பொதுக்குழு தீர்மானம் போட்டு தனிக் கணக்குல வைங்க. பராமரிப்புச் சந்தாவோட கலக்காதீங்க.

ஆடிட்டர், பி-104: வேலை முடியற வரைக்கும் எஃப்டி போட்டா அந்த வட்டிக்குச் சங்கம் வரி கட்டணும். 2013ல பெங்களூர் கிளப் வழக்குல முடிவாயிடுச்சு. பிரிச்ச டிராஃப்ட் வந்ததும் அனுப்புங்க சார், அன்னிக்கே பார்த்துடறேன்.