புதுப்பிப்பு: மெயில் சர்வரில் எஸ்எஸ்எச் மறுப்பு, காரணம் கிடைத்தது

அலுவலகத்திலிருந்து மெயில் சர்வருக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போட்டால் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வருகிறது என எழுதியிருந்தேன் அல்லவா, அது சரியாகிவிட்டது. மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து முயன்றதும் உடனே உள்ளே விட்டது. அப்படியென்றால் எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது, தடை எங்கள் ஐபிக்கு மட்டும்.

காரணம் ஃபெயில்2பேன்தான், தவறான பாஸ்வேர்டு முயற்சிகள் லாக்கில் தெரிந்தால் அந்த ஐபியைத் தடுக்கும் மென்பொருள். அலுவலகத்தில் ஒரு போன் பழைய பாஸ்வேர்டோடு ஐமேப்பில் (மெயில் படிக்கும் வழி) விடாமல் மோதிக்கொண்டிருக்க, ஐமேப்பைக் கையாளும் டவ்காட் மென்பொருளின் லாக் முழுக்க எங்கள் ஐபி. தடை எல்லா போர்ட்டுக்கும் விழும்படி அமைந்திருந்ததால் எஸ்எஸ்எச்சும் சேர்ந்து போயிற்று. பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கைவிடாமல், மறுப்புப் பதில் அனுப்பி ‘ரிஜெக்ட்’ செய்யும் விதி அது, அதனால்தான் டைம்அவுட் வராமல், சர்வீஸே நின்றுவிட்டது போல மறுப்பு வந்தது.

தடையை நீக்கி, போனில் பாஸ்வேர்டை மாற்றி, அப்புறம் அந்த ஜெயிலை (ஃபெயில்2பேனில் அந்தத் தடைக்கான அமைப்பு) மெயில் போர்ட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டேன். எங்கள் ஐபி அடிக்கடி மாறுவதால் விலக்குப் பட்டியலில் சேர்க்கவில்லை.