புதுப்பிப்பு: டிவியில் வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் அலறுகிறது – தீர்ந்தது

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா வீட்டோடு இருப்பதால் தினமும் ஒரு படம் பார்க்கிறோம். வசனம் முணுமுணுப்பாகவும் சண்டைக் காட்சி காதைக் கிழிப்பதாகவும் இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

5.1 ஒலியை (ஆறு ஸ்பீக்கருக்கானது) ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கானது) மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். எங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். படம் ஓடும்போதே ஆடியோ மெனுவுக்குப் போய், பக்கத்தில் '5.1' என்று போடாத 'தமிழ்' தேர்வை அழுத்தினேன். ஒலி அளவை 38-இல் வைத்துக் கேட்டது இப்போது 20-லேயே போதும்.

குரலைத் தெளிவாக்கும் மோடையும் முயன்றேன், தகரத்தில் பேசுவதுபோல் இருந்தது. அப்புறம், எதிர்பாராத ஒன்று: படம் பார்க்கும் ஒவ்வொரு செயலியிலும் இந்த ஆடியோ தேர்வைத் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

நேற்று அம்மா ரிமோட்டைத் தொடாமலேயே முழுப் படமும் பார்த்தார்.