பதிவேற்றிய வீடியோவைச் சர்வரில் சுருக்கும்போது சரியாக ஒரு நிமிடத்தில் 504 பிழை

தாளக்கட்டு (கேள்வி):

பரதநாட்டிய வகுப்பு ஒன்றின் இணையதளத்தைப் பராமரித்து வருகிறேன். மாணவிகள் வீட்டில் அடவு பயிற்சி செய்வதைக் கைபேசியில் பதிவு செய்து ஏற்றுவார்கள். ஆசிரியை அதைப் பார்த்துத் திருத்தங்களை எழுதுவார். மூன்று நிமிட வீடியோவே 300 எம்பியைத் தாண்டிவிடுவதால், பதிவேற்றம் முடிந்தவுடன் வெளி நிரல்களை இயக்கும் பிஎச்பியின் எக்ஸெக் வழியாக, வீடியோவை மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கை இயக்கி, உயரத்தை 720 பிக்சலாகக் குறைத்துச் சேமிக்கிறேன். சிறிய வீடியோக்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பெரியவை மட்டும் சரியாக ஒரு நிமிடத்தில் 504 பிழையுடன் (உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்பது பொருள்) நின்றுவிடுகின்றன. பிஎச்பி நிரல் ஓடக்கூடிய நேரத்தை வரையறுக்கும் மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் அமைப்பை 600 விநாடியாக உயர்த்தியும் பயனில்லை. போதாக்குறைக்கு, இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து ஏற்றினால் தளமே திறப்பதில்லை. சர்வர், இரண்டு கோரும் (செயலி மையமும்) 2 ஜிபி நினைவகமும் கொண்ட ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). இயங்குதளம் உபுண்டு, உலாவிகளின் கோரிக்கைகளை வாங்குவது என்ஜின்எக்ஸ், பிஎச்பியை இயக்குவது பிஎச்பி-எஃப்பிஎம். பெரிய சர்வருக்கு மாறுவதைத் தவிர வேறு வழி உண்டா?

லினக்ஸ்வாசி:

சரியாக ஒரு நிமிடம் என்பதிலேயே காரணம் தெரிகிறது. என்ஜின்எக்ஸில், பிஎச்பியின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ ரீட் டைம்அவுட் என்ற அமைப்பு இயல்பாக 60 விநாடி. அதற்குள் பிஎச்பியிடமிருந்து ஒரு பைட்கூட வராவிட்டால், அது உலாவிக்கு 504 அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தாங்கள் உயர்த்திய அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. லினக்ஸில் எக்ஸெக் மூலம் இயங்கும் வெளி நிரலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பிஎச்பி அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதைவிட முக்கியமான செய்தி, 504 வந்த பிறகும் எஃப்எஃப்எம்பெக் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான். பிழையைப் பார்த்த மாணவி மறுபடியும் ஏற்றுவார். இரண்டாவது எஃப்எஃப்எம்பெக் தொடங்கும். ஒவ்வொன்றும் இருக்கும் கோர்கள் அனைத்தையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அடுத்த முறை தளம் முடங்கும்போது எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே வீடியோவுக்காக மூன்று நான்கு எஃப்எஃப்எம்பெக்குகள் நிற்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். நினைவகம் தீர்ந்துபோனால் இயங்குதளத்தின் மையமான கர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். அது தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லாகவும் இருக்கலாம்.

ஆகவே டைம்அவுட்டை நீட்டுவது தீர்வாகாது. பதிவேற்றம் முடிந்ததும் கோப்பை ஓரிடத்தில் வைத்து, தரவுத்தள அட்டவணையில் 'காத்திருக்கிறது' என்ற நிலையுடன் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, உடனே மாணவிக்குப் பதில் அனுப்பிவிடுங்கள். சுருக்கும் வேலையைத் பின்னணியில் எப்போதும் ஓடும் தனி சிஸ்டம்டி சேவை ஒன்று பார்த்துக்கொள்ளட்டும். அது அட்டவணையிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வீடியோவை மட்டும், நைஸ் 19 என்ற மிகக் குறைந்த முன்னுரிமையில் சுருக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஏற்றினாலும் கடைசி மாணவிக்குத் தாமதமாகுமே ஒழிய, தளம் விழாது. வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுங்கள். இல்லையேல் அரைகுறைக் கோப்பை ஆசிரியை திறந்துவிடுவார். பிஎச்பி கட்டமைப்பான லாராவெல் பயன்படுத்துபவராக இருந்தால் அதன் க்யூ (வேலை வரிசை) வசதியே போதும். இவ்வளவு சிறிய தளத்துக்கு வரிசையை வைத்திருக்க ரெடிஸ் போன்ற தனி மென்பொருள் எல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து.

பிக்சல்பித்தன்:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் 'உயரம் 720' என்று தாங்கள் வைத்திருப்பதும் கவனிக்க வேண்டியது. தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டுமென்பதால் மாணவிகள் பெரும்பாலும் கைபேசியை நெட்டாகவே வைத்திருப்பார்கள். 1080க்கு 1920 என்ற அந்தப் படத்தின் உயரத்தை 720 ஆக்கினால் அகலம் 405 ஆக ஒடுங்கிவிடும். அதில் முத்திரையைப் பார்த்துத் திருத்துவது கடினம். எது குறுகிய பக்கமோ அதைத்தான் 720 ஆக்க வேண்டும்.

இதற்காக, வீடியோவின் விவரங்களைச் சொல்லும் எஃப்எஃப்ப்ரோப் என்ற துணை நிரலிடம் அகல உயரங்களைக் கேட்டுப் பிஎச்பியில் முடிவெடுக்க முயலாதீர்கள். பல கைபேசிகள் நெட்டான வீடியோவையும் 1920க்கு 1080 என்றே எழுதி, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் உடன் வைக்கின்றன; எஃப்எஃப்ப்ரோப் அந்தத் திருப்பாத அளவைச் சொல்லும். எஃப்எஃப்எம்பெக்கோ படத்தைத் தானாகத் திருப்பிய பிறகே அளவை மாற்றும் ஸ்கேல் ஃபில்டரிடம் கொடுக்கிறது. எனவே அகலம் பெரிதா, உயரம் பெரிதா என்ற நிபந்தனையை அந்த ஃபில்டருக்குள்ளேயே எழுதிவிடுங்கள். மற்றொரு பக்கத்துக்கு −1 கொடுக்காமல் −2 கொடுங்கள். அப்போதுதான் அளவு இரட்டைப்படையாக அமையும். வழக்கமான 420 வண்ண வடிவத்தில் ஒற்றைப்படை அளவு வந்தால் ஹெச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 வேலையைத் தொடங்கவே மறுக்கும்.

சுருக்கும் முறையாக ஹெச்.264 கோடெக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஏவி1 என்ற புதிய கோடெக் இன்னும் சிறிதாக்கும் என்றாலும், இரண்டு கோரை வைத்துக்கொண்டு அதற்கு ஆசைப்படக் கூடாது. படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண்ணை 23 என்ற இயல்பு மதிப்பில் தொடங்கி, அளவு அதிகமென்றால் 26 வரை போகலாம். தோராயமாக ஆறு படி ஏற்றினால் கோப்பு பாதியாகும். சுருக்கும் வேகத்துக்கான பிரிசெட்டை வெரிஃபாஸ்ட் என்று வைத்தால் நேரம் வெகுவாக மிச்சப்படும்.

தாளக்கட்டு:

இருவருக்கும் மிக்க நன்றி. டாப் கட்டளையில் நான்கு எஃப்எஃப்எம்பெக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. சிலர் விநாடிக்கு 60 ஃபிரேமில் பதிவு செய்கிறார்கள். அதை 30 ஆக்கினால் இன்னும் இடம் மிச்சமாகுமா?

பிக்சல்பித்தன்:

மிச்சமாகும், ஆனால் தங்கள் தளத்தில் அதைச் செய்ய வேண்டாம். மூன்றாம் காலத்தில் (மிக விரைவான நடையில்) தட்டும் பாதத்தை ஆசிரியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாரெனில், ஃபிரேம்களைப் பாதியாக்குவது அவர் தேடும் அந்தக் கணத்தையே அழித்துவிடக்கூடும். இடம் வேண்டுமென்றால் சிஆர்எஃப் மதிப்பை ஒன்றிரண்டு கூட்டுங்கள்.

லினக்ஸ்வாசி:

இன்னும் இரண்டு விருப்பங்களை எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் சேர்த்துவிடுங்கள். மூவ்ஃபிளாக்ஸில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் கொடுத்தால், எம்பி4 கோப்பின் கடைசியில் இருக்கும் மூவ் என்ற குறியீட்டுப் பகுதி முன்னால் வந்துவிடும். முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திராமல் வீடியோ ஓடத் தொடங்கும். மேப் மெட்டாடேட்டாவுக்கு −1 கொடுத்தால், கைபேசி சேர்த்திருக்கும் ஜிபிஎஸ் இருப்பிடம் புதிய கோப்புக்கு வராது. பெரும்பாலும் சிறுமிகள், அவரவர் வீட்டிலிருந்து எடுக்கும் வீடியோக்கள் என்பதால் இது கட்டாயம். மூலக் கோப்பில் அந்த விவரம் அப்படியே இருக்கும். சுருக்கிய கோப்பு சரியாக ஓடுகிறதா என்று பார்த்தபின் மூலத்தை அழித்துவிடுங்கள், அதுவரை அதை இணையத்தில் நேரடியாகத் திறக்க முடியாத கோப்புறையில் வைத்திருங்கள்.