60-க்குப் பலகையே இல்லை, சலான் மட்டும் வந்திருக்கிறது

வணக்கமுங்க. என் வேகன் ஆர் காருக்கு வேக மீறல் என்று 1000 ரூபாய் இ-சலான் வந்திருக்கிறது. மார்ச் 3, காலை 11 மணி. ஈரோட்டிலிருந்து அவிநாசி போகும்போது, விஜயமங்கலம் தாண்டி செங்கப்பள்ளிக்கு முன்னால், மெயின் ரோட்டில். அனுமதித்த வேகம் 60, நான் போனது 78 என்கிறார்கள். குறுஞ்செய்தி வந்தது ஏப்ரல் 13. அதாவது 41 நாள் கழித்து.

நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு 100 வரை போகலாம் என்பது 2018 மத்திய அறிவிப்பு. மாநில அரசு குறைக்கலாம், சரி. ஆனால் குறைத்தால் பலகை வைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு. போன ஞாயிறு பைக்கில் போய் 4 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தேன். 60 என்று ஒன்றுமில்லை. கேமரா எச்சரிக்கைப் பலகையும் இல்லை.

சலான் படத்தில் என் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது, பின் கண்ணாடியில் மஞ்சள் மூட்டை கூடத் தெரிகிறது. பக்கத்திலேயே ஒரு டெம்போ என்னை முந்துகிறது! அளந்தது யார் வேகத்தை?

மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் இரண்டு முறை புகார் போட்டேன். காரணம் சொல்லாமல் மூடிவிட்டார்கள். நேரில் போனால் இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கை காட்டுகிறது. வக்கீல் அண்ணன் ஒருவர், ‘கட்டிட்டுப் போ கண்ணு, ஆயிரம்தானே’ என்கிறார். கட்ட மனசு வரவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-படி 15 நாளுக்குள் நோட்டீஸ் வரவில்லை என்று காட்டி, கோர்ட்டில் சலானை ரத்து செய்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், மனுவை எங்கே, எப்படிக் கொடுத்தீர்கள்?